பியரி வட துருவத்தில் நின்றாரா? கையில் இருக்கும் ஆதாரம் சொல்வது என்ன?

கேள்வி இதுதான்: "வட துருவத்தை முதலில் அடைந்தவர் ராபர்ட் பியரி, 1909 என்றுதான் பொது அறிவுப் புத்தகங்களில் படித்தோம். இப்போது அது சந்தேகத்துக்குரியது என்கிறார்கள். அப்படியானால் அவருக்கு முன்பே போனதாகச் சொன்ன குக் சொன்னதுதான் உண்மையா? நூறு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டதே, இப்போது எதை வைத்துத் தீர்மானிக்கிறார்கள்?"

முதலில் நேரடிப் பதில். குக் போகவில்லை என்று சொல்லப் போதுமான ஆதாரம் இருக்கிறது. பியரி துருவத்துக்கு அருகில் போயிருக்கலாம். ஆனால் அங்கே நின்றார் என்று ஏற்கும் அளவுக்கு அவர் கொண்டுவந்ததில் ஒன்றும் இல்லை. ஏன் இல்லை என்பதுதான் இதில் பெரிய விஷயம். அதற்கு அவரேதான் காரணம் என்பது என் கருத்து.

தென் துருவத்தைப் பற்றி ஏன் இப்படி ஒரு சண்டை இல்லை என்று யோசித்துப் பாருங்கள். அங்கே இருப்பது நிலத்தின் மேல் படிந்த பனி. 1911 டிசம்பர் 14 அன்று நார்வேயின் அமுண்ட்சென் போய்ச் சேர்ந்து ஒரு சிறு கூடாரம் அடித்து, உள்ளே கடிதம் வைத்துவிட்டு வந்தார். அவருக்குப் போட்டியாகக் கிளம்பிய ஸ்காட் ஒரு மாதம் கழித்துப் போனபோது கூடாரமும் கடிதமும் அங்கேயே இருந்தன. வட துருவத்தில் நிலம் கிடையாது. நான்கு கிலோமீட்டருக்கும் அதிக ஆழமுள்ள கடல், அதன்மேல் மிதக்கும் பனிப்பாளங்கள். காற்றும் நீரோட்டமும் அந்தப் பாளங்களை ஓயாமல் நகர்த்திக்கொண்டே இருக்கும். இன்று நீங்கள் நட்ட கொடி நாளை வேறு இடத்தில் இருக்கும். அதனால் "நான் போனேன்" என்று ஒருவர் சொன்னால், அவர் கொண்டுவரும் மூன்றைத்தான் பார்க்க முடியும்: சூரியனை அளந்த கணக்கு, நாட்குறிப்பு, கூடப் போனவர்கள்.

சூரியனை அளப்பது பற்றிக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வழக்கு முழுவதும் அதைச் சுற்றித்தான். சரியாகத் துருவத்தில் நின்றால், கோடைப் பாதியில் சூரியன் மறையவே மறையாது. ஏறக்குறைய ஒரே உயரத்தில் உங்களைச் சுற்றி வட்டமடிக்கும். ஏப்ரல் 6 அன்று அந்த உயரம் அடிவானத்திலிருந்து சுமார் ஆறரை டிகிரிதான். செக்ஸ்டன்ட் என்ற கோணமானியால் அதை அளப்பார்கள். பனிமேடுகளுக்கு நடுவே தெளிவான அடிவானம் கிடைக்காது. அதனால் ஒரு தொட்டியில் பாதரசத்தை ஊற்றி, அதில் விழும் சூரியனின் பிம்பத்தை அடிப்படையாக வைத்து அளப்பார்கள். சூரியன் அவ்வளவு தாழ்வாக இருக்கும்போது பனியில் குப்புறப் படுத்துத்தான் பார்க்க முடியும். ஒரு டிகிரியில் 60 நிமிடம். கோணத்தில் ஒரு நிமிடம் பிசகினால் தரையில் ஒரு கடல் மைல், அதாவது 1.85 கிலோமீட்டர் பிசகும். சூரியனின் முழு அகலமே சுமார் 32 நிமிடம்தான்.

இந்தக் கணக்குகளை எல்லாம் வீட்டில் மேசையில் உட்கார்ந்து பஞ்சாங்கத்தைப் பார்த்தும் எழுதிவிடலாம். ஏப்ரல் 6 அன்று துருவத்தில் சூரியன் எந்த உயரத்தில் இருக்கும் என்பது முன்கூட்டியே அச்சான தகவல். ஆகவே ஒரு தாளில் சரியான எண்கள் இருப்பதாலேயே எதுவும் நிரூபணம் ஆகிவிடாது. கூட இருந்த இன்னொருவர், அளக்கத் தெரிந்த ஒருவர், தானும் அளந்து தன் கையால் எழுதியிருந்தால்தான் அதற்கு எடை வரும். இதை மனதில் வைத்துக்கொண்டு 1909-க்குப் போகலாம்.

அந்த ஆண்டு செப்டம்பர் 1 அன்று, ஷெட்லாந்து தீவுகளின் லெர்விக் ஊரிலிருந்து ஒரு தந்தி கிளம்பியது. புரூக்ளினைச் சேர்ந்த டாக்டர் ஃபிரெடரிக் குக், தான் 1908 ஏப்ரல் 21 அன்றே வட துருவத்தை அடைந்துவிட்டதாக அறிவித்தார். கோபன்ஹேகனில் அவருக்குக் கோலாகல வரவேற்பு. ஐந்தே நாளில், செப்டம்பர் 6 அன்று, லாப்ரடாரின் இந்தியன் ஹார்பரிலிருந்து பியரியின் தந்தி வந்தது: 1909 ஏப்ரல் 6 அன்று துருவத்தில் அமெரிக்கக் கொடியை நட்டாயிற்று என்று. நியூயார்க் ஹெரால்ட் குக்கின் பக்கம், நியூயார்க் டைம்ஸ் பியரியின் பக்கம். ஒருவர் பொய்யர் என்றால் மற்றவர் உண்மையானவர் என்ற எண்ணம் அன்றுதான் மக்கள் மனதில் பதிந்தது. உங்கள் கேள்வியிலும் அதன் சாயல் இருக்கிறது. இருவருமே போகாமல் இருந்திருக்கலாம் என்ற மூன்றாவது வழியை அன்று அதிகம் பேர் யோசிக்கவில்லை.

குக்கை எடுத்த எடுப்பில் மோசடிக்காரர் என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. 1897 முதல் 1899 வரை நடந்த பயணத்தில் பெல்ஜிகா கப்பல் அன்டார்க்டிக் பனியில் சிக்கியபோது, பென்குவின், சீல் ஆகியவற்றின் பச்சை இறைச்சியைச் சாப்பிட வைத்து ஸ்கர்வி நோயிலிருந்து மாலுமிகளைக் காப்பாற்றியவர் அவர். அந்தக் கப்பலில் இருந்த இளைஞர் அமுண்ட்சென் கடைசி வரை அவரை மதித்தார். பின்னாளில் வேறொரு வழக்கில் குக் சிறையில் இருந்தபோது போய்ப் பார்த்துவிட்டும் வந்தார்.

ஆனால் துருவக் கதை நிற்கவில்லை. கிரீன்லாந்தின் அனோட்டோக் என்ற இடத்திலிருந்து கிளம்பி, ஆக்ஸல் ஹைபர்க் தீவின் வட முனையிலிருந்து எடுகிஷூக், அவெலா என்ற இரண்டு இனுயிட் (ஆர்க்டிக் பூர்வகுடி) இளைஞர்கள், இரண்டு சறுக்கு வண்டிகள், 26 நாய்களோடு துருவம் போய்த் திரும்பியதாகச் சொன்னார். மூல அளவீடுகள் எங்கே என்று கேட்டபோது, அவற்றை ஹாரி விட்னி என்ற வேட்டைக்காரரிடம் ஒப்படைத்ததாகவும், விட்னி பியரியின் கப்பலில் ஏறும்போது குக்கின் பொருள்களை ஏற்றப் பியரி மறுத்ததாகவும் சொன்னார். பியரி மறுத்தது உண்மை. பெட்டிகளைப் பாறைகளுக்கிடையில் புதைத்துவிட்டுத்தான் விட்னி வந்தார். அவை பிறகு கிடைக்கவே இல்லை. அதில் என்ன இருந்தது என்பது வேறு கேள்வி. ஆனால் எதிராளியின் காகிதங்கள் தன் கப்பலில் வரக் கூடாது என்று பியரி தடுத்ததை எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் என்னால் நியாயப்படுத்த முடியவில்லை.

1909 டிசம்பரில் கோபன்ஹேகன் பல்கலைக்கழகக் குழு, குக் அனுப்பிய காகிதங்களில் துருவத்தை அடைந்ததற்கான நிரூபணம் இல்லை என்று அறிவித்தது. அவரை வரவேற்றுக் கொண்டாடிய அதே ஊர். அதே சமயத்தில், குக்குக்காகப் பணம் வாங்கிக்கொண்டு வானியல் கணக்குகளைத் தயாரித்ததாக லூஸ், டன்கிள் என்ற இருவர் வெளியே வந்து சொன்னார்கள். அப்புறம் "பிராட்லி நிலம்". போகும் வழியில் வட அட்சரேகை 84, 85 டிகிரிப் பகுதியில் (துருவம் 90 டிகிரி) ஒரு நிலத்தைப் பார்த்ததாகக் குக் எழுதி, படமும் போட்டார். அங்கே கடலைத் தவிர ஒன்றும் இல்லை.

எல்லாவற்றையும் விட அவரைக் கவிழ்த்தது ஒரு மலை. 1906-இல் அலாஸ்காவின் மெக்கின்லி சிகரத்தில், அதாவது தெனாலியில், ஏறிவிட்டதாகச் சொல்லி கூடப் போன எட்வர்ட் பேரில் என்பவர் உச்சியில் கொடியோடு நிற்கும் படத்தை வெளியிட்டிருந்தார். 1910-இல் பெல்மோர் பிரவுனும் ஹெர்ஷல் பார்க்கரும் அங்கே போய், அந்தப் படம் எடுத்த இடத்தையே கண்டுபிடித்தார்கள். உச்சியிலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தள்ளி, 20,310 அடி மலைக்கு எதிரே சுமார் 5,300 அடியில் ஒரு சின்ன மேடு. படத்தின் ஓரத்தில் தெரியும் பாறைகள் வரை பொருந்தின. உண்மையை ஒத்துக்கொண்டு பேரில் கொடுத்த வாக்குமூலத்துக்குப் பியரி ஆதரவாளர்களின் பணம் கைமாறியது என்பதால் அதை நான் கணக்கில் எடுக்கவில்லை. பாறைக்கு யாரும் பணம் கொடுக்க முடியாதே, அந்தப் படம் ஒன்றே போதும்.

எடுகிஷூக், அவெலா இருவரிடமும் பியரியின் ஆட்கள் விசாரித்தபோது, நிலத்தை விட்டு இரண்டு நாள் பயணத்துக்கு மேல் போகவில்லை என்று அவர்கள் சொன்னதாக அறிக்கை வெளியானது. கானல் காட்சியை நிலம் என்று அவர்கள் நம்பும்படி தான்தான் விட்டுவைத்தேன், இல்லாவிட்டால் பயந்திருப்பார்கள் என்று குக் விளக்கம் சொன்னார். இதில் எனக்கு உறுத்துவது ஒன்று உண்டு. குக்கைத் தோற்கடிக்க இனுயிட் சாட்சி போதுமானதாக இருந்தது. பியரியோடு போன நான்கு இனுயிட்களிடம் அதே அக்கறையோடு யாரும் உட்கார்ந்து கேட்கவில்லை.

சரி, இனி பியரி.

பியரி அப்போது 52 வயதுக்காரர். கிரீன்லாந்துக்கும் எல்ஸ்மியர் தீவுக்கும் இருபது வருடத்துக்கு மேல் போய் வந்தவர். உறைபனியில் எட்டு கால்விரல்களை இழந்தவர். துணிச்சல், விடாமுயற்சி, அமைப்புத் திறமை எதிலும் குறை சொல்ல முடியாது. 1909 மார்ச் 1 அன்று, 83 டிகிரி 7 நிமிடத்தில் இருக்கும் எல்ஸ்மியர் தீவின் கேப் கொலம்பியாவை விட்டு வடக்கே கிளம்பினார். முன்னே போகும் குழுக்கள் பாதை வெட்டும், உணவு சேர்க்கும், பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பிவிடும். கடைசியில் ஒரு சிறு குழு மட்டும் சக்தியோடு துருவத்துக்குப் பாயும். நல்ல திட்டம்.

ஏப்ரல் 1 அன்று நடந்ததைத்தான் நான் திரும்பத் திரும்ப யோசிப்பேன். அன்று வரை பாதை வெட்டி முன்னே போனவர் கப்பலின் கேப்டன் பாப் பார்ட்லெட். அவருக்குச் சூரியனை அளக்கத் தெரியும். திரும்பும் முன் 88 டிகிரியையாவது தொட்டுவிட வேண்டும் என்று சில மைல் தனியாக வடக்கே நடந்துபோனார். வந்து அளந்தால் 87 டிகிரி 47 நிமிடம்தான் வந்தது. காற்றில் பனிப்பாளம் தெற்கே நகர்ந்திருந்தது. அதைக் குறித்துக் கொடுத்துவிட்டு அவர் திரும்பினார். பியரி வைத்துக்கொண்டது மேத்யூ ஹென்சனையும், ஊட்டா, எகிங்வா, சீக்லூ, ஊக்கியா என்ற நான்கு இனுயிட்களையும். அந்த நிமிடத்திலிருந்து, பியரியின் அளவைச் சரிபார்க்கத் தெரிந்த ஒரு ஆள்கூட அந்தப் பனியில் இல்லை.

ஹென்சனைத் தேர்ந்தெடுத்தது தவறு என்று நான் சொல்லவே மாட்டேன். நாய்வண்டி ஓட்டுவதிலும் வண்டி செய்வதிலும் அந்தப் பயணத்தில் அவருக்கு இணை யாரும் இல்லை. இனுயிட் மொழியைச் சரளமாகப் பேசியவர். 1887 முதல் பியரியோடு இருந்தவர். ஆனால் பார்ட்லெட்டையும் கூட்டிக்கொண்டு போயிருக்கலாமே? இத்தனை வருட உழைப்பின் பலனை இன்னொருவரோடு பங்கிட வேண்டிய கட்டாயம் தனக்கில்லை என்ற பொருளில் பியரி பின்னாளில் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவிடம் பேசினார். ஹென்சன் கறுப்பினத்தவர், அன்றைய அமெரிக்காவில் வெள்ளையர் ஒருவரின் புகழில் பங்கு கேட்கும் நிலையில் வைக்கப்படாதவர். அதைத்தான் அந்த வாக்கியத்தின் உள்ளே நான் படிக்கிறேன்.

இப்போது தூரக் கணக்கு. கேப் கொலம்பியாவிலிருந்து பார்ட்லெட் அளந்த இடம் வரை நேர்கோட்டில் 280 கடல் மைல், அதாவது சுமார் 520 கிலோமீட்டர். அதற்கு ஒரு மாதம் ஆனது. நடுவில் பிளந்து கிடந்த நீர்வழி ஒன்றில் ஏறக்குறைய ஒரு வாரம் காத்திருந்ததைக் கழித்துவிட்டால்கூட ஒரு நாளைக்கு 20 கிலோமீட்டரைச் சற்றே தாண்டும். பார்ட்லெட் திரும்பிய பிறகு மீதி 133 கடல் மைல், சுமார் 246 கிலோமீட்டர். இதை ஐந்து நடைகளில் முடித்ததாகப் பியரி சொன்னார். அதாவது வேகம் இரட்டிப்புக்கும் மேல். திரும்பும்போது ஏப்ரல் 7 மாலை கிளம்பி 23 அன்று காலை கேப் கொலம்பியா. 765 கிலோமீட்டரை 16 நாளில், சராசரியாக நாளுக்கு 48 கிலோமீட்டர். இவை எல்லாம் நேர்கோட்டுத் தூரம். பனிமேடுகளையும் நீர்ப் பிளவுகளையும் சுற்றிப் போனால் நடந்த தூரம் இன்னும் கூடும். சுற்றிச் சுற்றிப் போக வேண்டியிருந்தது என்றுதான் ஹென்சன் சொன்னார்; பியரியின் விவரிப்போ கிட்டத்தட்ட நேர்கோடு.

பியரி தரப்புக்கும் நியாயமான பதில் உண்டு. சுமை குறைந்த சிறு குழு, பொறுக்கி எடுத்த நாய்கள், வடக்கே போகப் போகச் சமமான பனி, திரும்பும்போது ஏற்கெனவே வெட்டிய பாதை. வேகம் கூடியிருக்கலாம், மறுக்கவில்லை. 2005-இல் டாம் ஏவரி குழு பியரியின் வண்டிகளைப் போலவே செய்து, நாய்களோடு கிளம்பி, துருவம் போய்ச் சேரும் மொத்தக் காலத்தில் பியரியைவிடச் சில மணி நேரம் முந்தியது. ஆனால் அந்தக் கடைசி ஐந்து நாள் வேகத்தை அவர்களால் எட்ட முடியவில்லை. திரும்பும் பயணத்தை அவர்கள் செய்யவும் இல்லை, விமானத்தில் வந்தார்கள்.

வேகத்தை விட்டுவிடுவோம். என்னைப் பொறுத்தவரை அதைவிடக் கனமான கேள்வி திசை. அங்கே திசைகாட்டி முள் வடக்கைக் காட்டாது. காந்தத் துருவம் அப்போது கனடாவின் தீவுகளுக்கிடையே, புவித் துருவத்திலிருந்து சுமார் 2,000 கிலோமீட்டர் தெற்கே இருந்தது. முள் காட்டும் திசைக்கும் உண்மை வடக்குக்கும் உள்ள வித்தியாசம் இடத்துக்கு இடம் மாறும். போகும் வழியில் அதை அளந்துகொண்டே போக வேண்டும். அதோடு பனி பக்கவாட்டில் நகர்கிறது. அதனால் தீர்க்கரேகையை அவ்வப்போது பார்த்து, இடப்பக்கமோ வலப்பக்கமோ விலகிவிட்டோமா என்று திருத்த வேண்டும். பியரியின் குழு அந்தப் பயணம் முழுவதிலும் தீர்க்கரேகை அளவு ஒன்றுகூட எடுக்கவில்லை. முள்ளின் விலகலையும் அளக்கவில்லை. எவ்வளவு வடக்கே என்று மட்டும் இடையிடையே மற்றவர்கள் பார்த்தார்கள். 700 கிலோமீட்டருக்கு மேல் மிதக்கும் பனியில் ஒரு பக்கத் திருத்தம்கூட இல்லாமல் போய், நின்ற இடத்தில் அளந்தால் 89 டிகிரி 57 நிமிடம், துருவத்துக்கு மூன்று கடல் மைல். இதை நம்பத்தான் கடினமாக இருக்கிறது.

நாட்குறிப்பும் உதவவில்லை. "கடைசியில் துருவம்" என்று தொடங்கும் அந்தப் புகழ்பெற்ற வரிகள் நோட்டில் இல்லை. உள்ளே செருகிய ஒரு தனித் தாளில் இருக்கின்றன. துருவத்தருகே முகாமிட்டதாகச் சொன்ன சுமார் 30 மணி நேரத்தைப் பற்றி நோட்டின் பக்கங்களில் எதுவும் இல்லை. கை கழுவ வழியில்லாமல், கொழுப்பு கலந்த பெமிக்கன் உணவைக் கையால் தின்றுகொண்டு போன பயணத்தின் நோட்டு இவ்வளவு சுத்தமாக இருப்பது எப்படி என்று 1911-இல் நாடாளுமன்றக் குழு உறுப்பினர்களுக்கே தோன்றியது. முகாமில் சூரியனை அளந்த பிறகு பியரி முகம் இறுகி, தன்னோடு பேசாமல் இருந்துவிட்டார் என்று ஹென்சன் சொன்னதும் பதிவாகியிருக்கிறது. இருபது வருடக் கனவு நிறைவேறிய மனிதரின் முகம் அது என்று என்னால் எண்ண முடியவில்லை. ஆனால் முகத்தை ஆதாரமாக எடுக்க முடியாது என்பதும் தெரியும்.

அப்படியானால் அன்று யார் சரிபார்த்தார்கள்? நேஷனல் ஜியாகிரஃபிக் சொசைட்டி. பியரியின் பயணத்துக்குப் பணம் கொடுத்தவர்களில் அதுவும் ஒன்று. மூன்று பேர் குழு. அவர் கொண்டுவந்த கருவிகளை வாஷிங்டன் ரயில் நிலையத்தில் பெட்டியைத் திறந்து பார்த்தார்கள். பிறகு தங்கப் பதக்கம். 1911 மார்ச்சில் நாடாளுமன்றம் அவருக்குக் கடற்படையின் ரியர் அட்மிரல் பதவி கொடுத்தது; ஆனால் சட்ட வாசகத்தில் "கண்டுபிடித்தவர்" என்ற சொல் வரவில்லை. அப்புறம் அவருடைய காகிதங்கள் பல பத்தாண்டுகள் வெளியார் பார்வைக்கு வரவில்லை.

1980-களில்தான் கதவு திறந்தது. அதே சொசைட்டி, நாட்குறிப்பைப் பார்க்கும்படி வாலி ஹெர்பர்ட்டிடம் கேட்டது. அவர் தானே நாய்வண்டியில் ஆர்க்டிக் கடலைக் கடந்தவர், பியரியை மதித்தவர். 1988-இல் அவர் எழுதிய முடிவு: காற்று, பனி நகர்வு, திசைப் பிழை எல்லாம் சேர்ந்து பியரி துருவத்தை 30 முதல் 60 மைல் வரை தவறவிட்டிருப்பார். இது பியரியைப் பிடிக்காதவர் சொன்ன வார்த்தை அல்ல என்பதால்தான் அதற்கு மதிப்பு. அடுத்த வருடமே சொசைட்டி இன்னொரு ஆய்வைச் செய்வித்தது. தாமஸ் டேவிஸ் தலைமையிலான நேவிகேஷன் ஃபவுண்டேஷன், பியரி எடுத்த படங்களில் விழுந்த நிழல்களை அளந்து, அவர் துருவத்திலிருந்து ஐந்து மைலுக்குள் இருந்தார் என்றது. சூரியன் தாழ்வாக இருந்தால் ஒரு ஆளின் நிழல் அவர் உயரத்தைப் போல் ஏறக்குறைய ஒன்பது மடங்கு நீளும்; அதிலிருந்து சூரியனின் உயரத்தைக் கணக்கிடலாம் என்பது சரியான யோசனைதான். ஆனால் தெளிவான அடிவானம் இல்லாத, மேடு பள்ளமான பனியில் எடுத்த பழைய படத்திலிருந்து, சூரியனின் அகலத்தில் ஆறில் ஒரு பங்கு துல்லியத்தை எதிர்பார்க்க முடியுமா? முடியாது என்றுதான் விமர்சகர்கள் சொன்னார்கள், எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது.

பியரி கடலின் ஆழத்தையும் பார்த்தார். துருவத்துக்கு ஐந்து மைல் முன்பு கம்பியை இறக்கினார்; 1,500 பாகத்தில் (ஃபாதம்), அதாவது 9,000 அடியில், தரை தட்டவில்லை. அங்கே கடல் அதைவிட ஆழம் என்பது இன்று தெரியும். ஆகவே அந்த அளவு பொய்யில்லை. ஆனால் அதைச் சுற்றிப் பல மைல் தூரத்துக்கு எங்கே கம்பியை விட்டிருந்தாலும் அதே பதில் கிடைத்திருக்கும்.

பியரியின் வார்த்தையை மட்டும் வைத்து ஏற்றுக்கொள்ளத் தயங்குவதற்கு இன்னொரு காரணம் "குரோக்கர் நிலம்". 1906-இல் ஆக்ஸல் ஹைபர்க் தீவின் கேப் தாமஸ் ஹப்பர்டிலிருந்து வடமேற்கே ஒரு நிலத்தைப் பார்த்ததாக எழுதி, பணம் கொடுத்த ஜார்ஜ் குரோக்கரின் பெயரை வைத்தார். அந்த நாள்களின் அவருடைய நாட்குறிப்பில் அப்படி ஒரு நிலமே இல்லை. 1914-இல் டொனால்ட் மேக்மில்லன் அதைத் தேடிப் போனார். அடிவானத்தில் மலைகள், பள்ளத்தாக்குகள் எல்லாம் தெரிந்தன. கூடப் போன இனுயிட் பியுகாட்டோக், அது வெறும் பனிமூட்டம் என்று எச்சரித்தார். சூரியன் நகர நகரக் காட்சியும் மாறி, கடைசியில் மறைந்தது. கானல்தான். சொன்னது சரியாக இருந்த பியுகாட்டோக்கை, திரும்பும் வழியில் அந்தக் குழுவின் ஃபிட்ஸ்ஹ்யூ கிரீன் சுட்டுக் கொன்றார். இல்லாத ஒரு நிலத்துக்காக ஒரு மனித உயிர் போனது. வரைபடத்தில் தவறாக ஒரு கோடு போடுவது சின்ன விஷயம் என்று யாராவது சொன்னால் எனக்கு இவர் பெயர்தான் நினைவுக்கு வரும்.

அமுண்ட்சென் இந்தச் சண்டையை எல்லாம் பார்த்துவிட்டுத்தான் தெற்கே போனார். அவர் செய்ததைப் பியரி செய்ததோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஐந்து பேரில் நால்வருக்குச் சூரியனை அளக்கத் தெரியும். துருவம் என்று கணக்கிட்ட இடத்தை அடைந்ததும் மூன்று பேரை மூன்று திசையில் சுமார் 20 கிலோமீட்டர் வரை அனுப்பி, கணக்கில் பிழை இருந்தாலும் துருவம் அந்த வட்டத்துக்குள் விழும்படி செய்தார். பிறகு முகாமைச் சரியான இடத்துக்கு மாற்றி, ஒரு முழு நாள், மணிக்கொரு தடவை, ஆள் மாற்றி ஆள் சூரியனை அளந்தார்கள். ஏன் ஒரு முழு நாள்? துருவத்திலிருந்து ஐந்து மைல் விலகியிருந்தால், சூரியன் ஒரு சுற்று வருவதற்குள் பத்து நிமிடக் கோணம் ஏறி இறங்கும். ஒரு தடவை பார்த்தால் தெரியாது. இருபத்துநான்கு தடவை பார்த்தால் மறையாது. கடைசியில், நார்வே அரசருக்கு எழுதிய கடிதத்தை எதிராளியான ஸ்காட்டிடமே சேர்த்துவிடும்படி வைத்துவிட்டு வந்தார். ஸ்காட் குழு இறந்து கிடந்த கூடாரத்தில் 1912 நவம்பரில் அந்தக் கடிதம் கிடைத்தது.

வட துருவத்தின் மீதிக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1926 மே 9 அன்று அமெரிக்கர்களான ரிச்சர்ட் பேர்டும் ஃபிளாய்ட் பென்னட்டும் ஆர்க்டிக் தீவான ஸ்பிட்ஸ்பெர்கனின் கிங்ஸ் பே-யிலிருந்து விமானத்தில் துருவம் போய்த் திரும்பியதாக அறிவித்தார்கள். பதினைந்தரை மணி நேரம் சொச்சத்தில் சுமார் 1,535 மைல். அந்த விமானத்தின் வேகத்துக்கு அது அதிகம் என்ற சந்தேகம் பிறகு எழுந்தது. 1996-இல் அவருடைய நாட்குறிப்பு வெளியே வந்தபோது, அழித்த நிலையில் ஆனாலும் படிக்கக்கூடிய செக்ஸ்டன்ட் அளவுகள் அதில் இருந்தன. அவற்றில் ஒன்றுக்கும் அவர் கொடுத்த அதிகாரப்பூர்வ அறிக்கைக்கும் ஒரு டிகிரிக்கு மேல், அதாவது 60 மைலுக்கு மேல், வித்தியாசம். அவரை ஆதரிப்பவர்கள் இன்றும் உண்டு. நான் அந்தப் பக்கம் இல்லை.

மூன்று நாள் கழித்து, மே 12 அன்று, அமுண்ட்சென், உம்பெர்ட்டோ நொபிலே, லிங்கன் எல்ஸ்வொர்த் உட்பட 16 பேரோடு நார்கே என்ற வான்கப்பல் துருவத்தின்மேல் பறந்தது. அதே கிங்ஸ் பே-யில் கிளம்பி, கடலின் மறு பக்கமான அலாஸ்காவில் டெல்லர் ஊரில் மே 14 அன்று இறங்கியது. அளக்கத் தெரிந்தவர்கள் உள்ளே இருந்தார்கள். போய்ச் சேர்ந்த ஊரும் கண்முன் இருக்கிறது. சந்தேகமில்லாமல் துருவத்தைப் பார்த்த முதல் மனிதர்கள் இவர்கள்தான். அதில் அமுண்ட்செனும் ஆஸ்கார் விஸ்டிங்கும் தென் துருவத்திலும் நின்றவர்கள்.

கால் பதித்து நின்றவர்கள் என்றால், 1948 ஏப்ரல் 23 அன்று விமானத்தில் இறங்கிய அலெக்சாண்டர் குஸ்நெட்சோவின் சோவியத் குழு. பனியின்மேல் பயணம் செய்து போனவர்கள் என்றால், 1968 ஏப்ரலில் ஸ்னோமொபைலில் போன அமெரிக்கர் ரால்ஃப் பிளெய்ஸ்டட் குழு. அவர்கள் நின்ற இடத்தை மேலே பறந்த அமெரிக்க விமானப்படை விமானம் உறுதி செய்தது. நாய்வண்டியில் என்றால் வாலி ஹெர்பர்ட்டும் மூன்று தோழர்களும், 1969 ஏப்ரல் 6.

ஹெர்பர்ட்டுக்கு அன்று நடந்ததைக் கேளுங்கள். துருவத்தை அடைந்துவிட்டோம் என்று வானொலியில் செய்தி அனுப்பிவிட்டார்கள். பிறகு மறுபடி அளந்தால், தீர்க்கரேகைக் கணக்கில் பிழை; துருவம் இன்னும் சில மைல் தள்ளி இருக்கிறது. களைத்த நாய்களோடு திரும்ப வண்டியைக் கட்டிப் போனார்கள். பனி நகர, மறுபடி அளந்து, மறுபடி நகர்ந்து, பல மணி நேரம் கழித்துத்தான் நிலைபெற்றார்கள். தன் பிழையைத் தானே எழுதி வைத்திருக்கிறார். பியரியின் நாட்குறிப்பைப் பிரித்தபோது அவர் தேடியது இப்படிப்பட்ட திருத்தங்களைத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

தேர்வில் என்ன எழுதுவது என்று கேட்டால், விடைக்குறிப்பில் பியரி என்றே இருக்கும், அதையே எழுதுங்கள். ஆனால் வீட்டில் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது "பியரி போனதாகச் சொன்னார்" என்று சொல்லுங்கள்; ஹென்சன், ஊட்டா, எகிங்வா, சீக்லூ, ஊக்கியா பெயர்களையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இனிமேல் புதிதாக ஏதாவது கிடைக்குமா என்றும் சிலர் கேட்பார்கள். பியரியின் மனைவி ஜோசஃபின் தைத்துக் கொடுத்த பட்டுக்கொடி ஒன்று உண்டு. போன இடங்களில் எல்லாம் அதிலிருந்து ஒரு துண்டை வெட்டி வைத்துவிட்டு வருவது பியரியின் வழக்கம். 1906-இல் கேப் தாமஸ் ஹப்பர்டின் கற்குவியலில் வைத்த துண்டை எட்டு வருடம் கழித்து மேக்மில்லன் எடுத்துவந்தார். 1909-இல் ஒரு கண்ணாடிப் புட்டியில் போட்டுத் துருவத்தின் பனியில் வைத்ததாகச் சொன்ன துண்டு, அந்தப் பனிப்பாளத்தோடு எங்கோ போய்விட்டது.